ஆந்தைக்குச் செய்த மொய்

இந்த ஆபீஸ் காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். குறையாகச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து எங்களுக்காக வந்து, இத்தனை நாளாய் இதையே குடிக்கிறீர்களே என்றுதான் சொன்னேன்.

என் பெயர் ராசு. திருவரங்குளத்துக்குக் கிழக்கே கடலைக்கொல்லையும் கொஞ்சம் எலுமிச்சையும் உண்டு. நீங்கள் பிடித்து வைத்திருக்கிற வெற்றிசெல்வன் என் மகள் பிரகதீஸ்வரியின் புருஷன். தீவிரவாதிகளுக்குக் கிரிப்டோவில் பணம் அனுப்பினார் என்று அவர் மேல் எழுதியிருக்கிறீர்கள். போன் அவருடையது, கணக்கும் அவருடையது. அனுப்பியது நான். அவரை வீட்டுக்கு விட்டுவிட்டு என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன்.

ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் மொய் விருந்து. காதுகுத்து, கல்யாணம் என்று சாக்குத் தேட மாட்டோம். பணம் வேண்டும், அதற்காகவே பந்தல் போட்டு ஆட்டுக்கறி ஆக்கிப் போடுவோம். சாப்பிட்டவர் மொய் செய்துவிட்டுப் போவார். பிறகு அவர் விருந்து வைக்கும்போது நாம் அதைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் புதிதாகவும் போட வேண்டும். அந்தப் புதுசுக்குப் புதுநடை என்று பெயர். வாங்கினதை மட்டும் திருப்பினால் 'உன் சங்காத்தமே வேண்டாம்' என்று முகத்தில் சொன்ன மாதிரி. இன்னொன்றும் உண்டு. இந்தப் பணத்தை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று எவனும் எவனையும் கேட்க மாட்டான். கேட்டால் அவன் மனுஷனே இல்லை.

போன ஆடியில் என் விருந்து. மாப்பிள்ளை சார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அங்கே இருக்கிற சேக்காளிகள் கிரிப்டோவாக அனுப்புவார்கள் என்று பிளெக்ஸ் பேனரில் என் படத்துக்குக் கீழே கியூஆர் கோடு ஒன்றைப் போட்டார். பேனரில் இருந்த கிடா சிரிக்கிற மாதிரி அச்சில் விழுந்துவிட்டது. அந்தக் கிடா படம் வாட்ஸ்அப்பில் ஏறி உலகத்தைச் சுற்றியது. ஜப்பானில் ஒருவர் அதை டீசட்டையில் அடித்துப் போட்டிருந்ததாகக் கேள்வி.

மூன்றாம் பந்தி நடக்கும்போது மாப்பிள்ளையின் போன் அடித்தது. இரண்டு லட்சம் வந்திருக்கிறது. பேர் இல்லை, ஊர் இல்லை, ஓர் ஆந்தைப் படம் மட்டும். மைக் பிடித்திருந்த நல்லதம்பிக்கு வந்ததை வாசித்துத்தான் பழக்கம்.

"வெளிநாடு, ஆந்தை அவர்கள், புதுநடை ரெண்டு லட்சம்."

பந்தலே கை தட்டியது. பேங்கில் காசாளராக இருந்து ரிட்டயர் ஆன சூசைராஜ் மட்டும் எலும்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ராசு, ஆந்தை வீட்டுப் பக்கம் அலறுனாலே ஆகாதும்பாங்க. நீ மைக்கு வச்சு அலற விட்டிருக்க."

இரண்டு நாளில் ஆந்தையிடமிருந்து செய்தி. போனே தமிழில் மாற்றிக் கொடுத்தது. பணம் தவறுதலாக வந்துவிட்டது, இந்த முகவரிக்குத் திருப்பு, இல்லாவிட்டால் உன் தலையை எடுத்துவிடுவோம் என்று இருந்தது. மாப்பிள்ளை போனை என்னிடம் நீட்டினார்.

"மாமா, இவனுங்க ஆளு சரியில்ல. வந்ததை அப்படியே அனுப்பிட்டு பிளாக் பண்ணிருவோம்."

"அப்படியே அனுப்புனா மரியாதையா மாப்ள?"

"தலைய எடுப்பேங்கிறான் மாமா."

"கறிச்சோறு திங்காத கோவம். வேறொண்ணுமில்ல."

அவர் கேட்கவில்லை. அனுப்பினார், அடைத்தார், போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மோட்டாரை எடுத்துவிடப் போனார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் வம்சத்தில் வாங்கின மொய்யை மொட்டையாகத் திருப்பினவன் கிடையாது. போனின் ரகசிய எண் என் மகளின் பிறந்த தேதி. திறந்தேன். ஆந்தையை விடுவித்தேன். சார்ஜாக்காரர்கள் செய்த மொய் அதில் அப்படியே கிடந்தது. அதிலிருந்து ஒரு லட்சத்தைப் புதுநடையாக அனுப்பிவிட்டு, குடும்பத்தில் எல்லோரையும் விசாரித்ததாகவும் எழுதினேன்.

ஆந்தை பதில் எழுதியது. ஒரே ஒரு வார்த்தை. 'ஏன்?'

முறைமையை எடுத்துச் சொன்னேன். பந்தல், கிடா, பழைய மொய், புதுநடை, எதற்கென்று கேட்கக் கூடாது என்பது வரைக்கும். ஆந்தை கற்பூரம். புதுக்கோட்டை டவுனிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு ஏறாதது அதற்கு ஒரே மத்தியானத்தில் ஏறிவிட்டது. நன்றி என்று எழுதியது. வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஒரு காரியம் இருக்கிறது, உங்கள் பணம் அதற்குத்தான், டிவியைப் பாருங்கள் என்றும் எழுதியது.

வெள்ளிக்கிழமை நல்லதம்பியின் டீக்கடையில் டிவி பார்த்தேன். அன்றைக்கென்று ஒரு விவாதம். கிரிப்டோ தீவிரவாதிகளின் பணப்பை என்றார் ஒருவர். இன்னொருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, ரொக்கத்தை விடவா, இதிலாவது போன தடம் இருக்கிறது என்றார். சூசைராஜ் கோட்டுக்காரர் கட்சி. நல்லதம்பி மற்றவர் கட்சி.

"மூஞ்சி தெரியாம காசு போவுதுல்ல, அதான் வெனை," என்றார் நல்லதம்பி.

"மூட்டையில கட்டிக் கொண்டுபோன காசுக்கு மூஞ்சி இருந்துச்சாக்கும்?" என்றார் சூசைராஜ்.

அந்த நேரம் விவாதத்தை நிறுத்திவிட்டுச் செய்தி போட்டார்கள். எங்கேயோ தூர தேசத்தில் ஒரு கல்யாணப் பந்தலில் குண்டு. பந்தல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. சோற்றுத் தட்டுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. நம் ஊர் பிளாஸ்டிக் நாற்காலியேதான் அங்கேயும், சிவப்பு. சின்னச் செருப்பு ஒன்றைக் காட்டினார்கள். சூசைராஜ் டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பந்தி பாதியிலேயே நின்றுவிட்டதே, அந்த வீட்டுக்காரருக்கு வரவேண்டிய மொய் வந்திருக்காதே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆந்தையிடமிருந்து ஐயாயிரம் ரூபாய் வந்தது. 'புதுநடை' என்று எங்கள் வார்த்தையிலேயே எழுதியிருந்தது. இன்னொரு காரியம் வைத்திருக்கிறோம் என்றும் இருந்தது. அதற்குத்தான் இரண்டாவது தடவை அனுப்பினேன். ஐயாயிரத்தைத் திருப்பி, மேலே சார்ஜா மொய்யில் மீதியிருந்த மூன்று லட்சம். அன்றைக்கு மாப்பிள்ளை குடுமியான்மலையில் ஒரு வீட்டில் ஏசி மாட்டிக்கொண்டிருந்தார். போனை வீட்டில் விட்டுப் போனது அவர் பிசகு. வேறு பிசகு அவரிடம் இல்லை.

முகத்தைப் பார்த்திருந்தால் கொடுத்திருப்பீர்களா, கிரிப்டோ என்பதால்தானே கை கூசவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கிரிப்டோ மேல் பழியைப் போடாதீர்கள், மேடம். ஆந்தை ரொக்கமாகக் கேட்டிருந்தால் மஞ்சப்பையில் போட்டு, திருக்கோகர்ணம் ஸ்டாப்பில் இறங்கி, கையிலேயே கொடுத்திருப்பேன். சாப்பிட்டீர்களா என்றும் விசாரித்திருப்பேன். தீவிரவாதத்துக்கு நான் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. மொய் செய்தேன்.

வக்கீல் எனக்கு வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தார். முதல் தடவையை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், தெரியாமல் செய்தது என்று ஆகிவிடும், இரண்டாவதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள் என்றார். திறக்காவிட்டால் அது மாப்பிள்ளை தலையில் விடியும், அவர் வெளியே வர முடியாது. வாசலில் பிரகதீஸ்வரி நிற்கிறாள். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. அவளுக்காகத்தான் இரண்டாவதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

அந்தப் பணம் எதற்கென்று ஆந்தையிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லையா என்கிறீர்கள். கேட்கவில்லை, மேடம். எங்கள் பக்கம் அது வழக்கமில்லை. அதுவும் போக, அதுதான் டிவியில் பார்த்துவிட்டேனே, கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை.