இலை பெருக்குவது என் வேலை

அக்டோபர் கடைசியில் படகில் தூங்குகிறவர்களுக்குத் தலையணை உறை எப்போதும் லேசாக நனைந்தே இருக்கும். பழகிவிடும். நான் பதினொரு வருடம் பழகியிருந்தேன். குளிர்மேல் பழிபோட நான் இங்கே வரவில்லை என்பதற்காக இதை முதலிலேயே சொல்கிறேன்.

என் கணவர் நெவில் பர்மிங்ஹாமில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு இந்தக் கால்வாய்ப் படகை வாங்கினோம். ஏழடி அகலம், ஐம்பத்தேழடி நீளம். ஆள் நடக்கிற வேகத்தில் போகும். கெட்ட வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன்.

போன குளிர்காலத்தில் எனக்கு நிமோனியா வந்தது. கால்வாய் உறைந்து படகு நகரவில்லை. நாங்கள் நின்ற இடத்துக்குச் சாலையும் கிடையாது. நிலக்கரி மூட்டை ஏற்றும் கைவண்டியில் என்னை உட்காரவைத்து நெவில் ஒரு மைல் தள்ளிக்கொண்டு போனார். "மூட்டையைவிட மூரீன் கொஞ்சந்தான் கனம்" என்று பிறகு எல்லோரிடமும் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இந்த வருடம் எங்கள் மகள் பிலிப்பா தன் வீட்டில் ஓர் அறையை எங்களுக்காக ஒழித்து வைத்திருந்தாள்.

"மார்ச் வரைக்கும் அவகூட இருந்துடலாம், நெவில்."

"அவ வீட்டுல தும்முறதுக்குக்கூட அனுமதி வாங்கணும். என்னால ஆகாது."

"அப்ப நான் மட்டும் போறேன்."

"போயேன். ரெண்டாம் நாளே என் டீ இல்லாம திரும்பி வந்துடுவ."

அன்பாகத்தான் சொன்னார். நான் போயிருக்கலாம். ஏதாவது ஒரு பாலத்தடியில் இறங்கி பஸ் ஏறியிருக்கலாம். ஒரு போன் செய்திருந்தால் பிலிப்பா காரோடு வந்திருப்பாள். இதை நினைக்கும்போதுதான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

நவம்பர் ஐந்தாம் தேதி மதகுத்தொட்டிகளைப் பழுதுபார்க்க மூடப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அதற்குள் வழியிலிருந்த ஐந்து தொட்டிகளையும் தாண்டிக் கீழே இறங்கிவிட வேண்டும் என்றார் நெவில். இறங்கினால் போன வருடம் நின்ற அதே இடம். மார்ச் வரை மேலே ஏறி வர முடியாது.

மேட்டுக் கால்வாயிலிருந்து பள்ளத்துக்குப் படகை இறக்குகிற மதகுத்தொட்டி உங்களுக்குத் தெரிந்திருக்கும். படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்தி, முன்கதவின் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் வடியும், படகும் கூடவே இறங்கும். பின்கதவின் அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். படகின் வால் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், வால் மேலேயே நிற்க மூக்கு மட்டும் இறங்கும். அதனால் கரையில் ஒரு வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். வால் அதைத் தாண்டி முன்னால் நிற்க வேண்டும். இலையுதிர் காலத்தில் அந்தக் கோட்டைப் பெருக்கி வைப்பது என் வேலை.

மூன்றாம் தேதி காலை, மூன்றாவது தொட்டி. சுற்றிலும் யாரும் இல்லை.

"கோடு தெரியலயே மூ?"

"ஒரே இலை. கொஞ்சம் பின்னாடி வா, மூக்கு கதவுல இடிக்கப்போவுது. ம், போதும்."

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"அப்ப கெட்டில் வைக்கிறேன்" என்று உள்ளே போனார். அடுப்பு படகின் முன்பக்கத்தில் இருந்தது.

இலை மூடியிருந்ததால் கோடு தெரியவில்லை என்று போன முறை இதே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அது உண்மைதான். ஆனால் தொட்டியைத் தயார் செய்ய நான் முன்னாலேயே நடந்து போயிருந்தேன். அப்போது கோடு பளிச்சென்று தெரிந்தது. இலையெல்லாம் புல்லில் கிடந்தது. துடைப்பத்தால் அவற்றைக் கோட்டின்மேல் தள்ளினேன். ஈர இலை நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

படகு மட்டும் மூழ்கட்டும் என்றுதான் நினைத்தேன் என்று நான்கு மாதமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். அவர் உள்ளே போகும்வரை காத்திருந்துதான் ஷட்டரைத் தூக்கினேன்.

முதலில் பாத்திரங்கள் சரிகிற சத்தம் கேட்டது. மூக்கு தாழ்ந்து முன்வாசல் வழியாகத் தண்ணீர் புகுந்தது. பின்வாசலுக்குப் போகும் தரை ஏணிபோல் நிமிர்ந்துவிட்டது. சன்னல்கள் வட்டமானவை, அவற்றில் தலைகூட நுழையாது. "மூ! ஷட்டர இறக்கு!" என்று கத்தினார். தாழ்ப்பாளைத் தட்டினால் ஷட்டர் தானாக விழும். ஷட்டரைத் தூக்கிய இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் ஓய்ந்த பிறகு தாழ்ப்பாளைத் தட்டினேன். யாராவது வந்து பார்த்தால் ஷட்டர் இறங்கியிருக்க வேண்டும் அல்லவா. அதன் பிறகு உதவி கேட்டுக் கத்தினேன்.

அடக்கத்தின்போது பிலிப்பா என் உள்ளங்கைகளை எல்லோருக்கும் காட்டினாள். கைப்பிடியை இறுக்கியதில் கன்றிப்போயிருந்தன. "அப்பாவக் காப்பாத்த அம்மா எப்படிப் போராடியிருக்காங்க பாருங்க" என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நெவில் நான்கு முறை கூப்பிட்டார். முதல் மூன்றும் ஷட்டருக்காக. நான்காவதில் குரல் மாறியிருந்தது. "மூ, நீ விழுந்துட்டியா? உனக்கு ஒண்ணும் ஆகலயே?" நான் ஷட்டரை இறக்காததற்கு வேறு காரணம் எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நான் அங்கேயேதான் நிற்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.