கரை நாடாவுக்கு ஆள் இல்லை

பள்ளிக்கூடமா நாயக்கரே அது? தேர்த் திருவிழா! புள்ளைங்க படிக்குதான்னா... படிக்குதுங்க, படிக்குதுங்க, எப்பன்னுதான் தெரியல. வாங்க, இப்படிப் பாயிலே குந்துங்க. நாளைக்கு வரேன்னு சொல்லி அனுப்பிச்சீங்க, இன்னிக்கே வந்து நிக்கிறீங்க. அட, வரலாம்! உங்க பொண்ணு கல்யாணம், உங்க பொடவை, யாரு வேணான்றது? மோர் குடிக்கிறீங்களா? ம்... மோர் எடுத்தாரத்துக்கும் ஆள் இல்ல. அங்கம்மா, அதான் எம் பொஞ்சாதி, அவளும் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா. பாருங்க, அவளையும் இஸ்துக்கினு போயிட்டாங்க!

பொடவையா? அதைத்தானே சொல்லிக்கினு இருக்கேன்.

நீங்க கேட்டது என்னா? ஒடம்பு அரக்கு, கரை பச்சை. ஒடம்பு நாடாவை, அதான் ஊடு நூல் ஓட்டற கட்டையை, நான் இந்தாண்ட ஓட்டுவேன். கரைக்குத் தனி நாடா, அதை அந்தாண்ட குந்திக்கினு ஒருத்தர் தள்ளணும். ரெண்டு கையி போதாதுங்க இந்த வேலைக்கு. தள்றது யாரு? எம் பொண்ணு அம்சா. காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், நடுவுல பள்ளிக்கூடம். நல்லாத்தான் போய்க்கினு இருந்தது. பள்ளிக்கூடத்துல இந்தத் தவணை ஆரம்பிச்சிது, புடிச்சிது பாருங்க சனி!

மொதல்ல டிரில்லு. விடிகாலையிலே கையைத் தூக்கு, காலைத் தூக்கு. அதுக்கப்புறம் தையல். தறிக்காரன் ஊட்டுப் பொண்ணுக்கு நூல் கோக்கக் கத்துக் குடுக்கறாங்களாம், கேட்டுக்கங்க! அதுக்கு ஒரு பிரைஸ், பித்தளைக் குங்குமச் சிமிழ். தோ, அந்த மாடத்துல இருக்குது... தொடாதீங்க, இப்பத்தான் புளி போட்டுத் தேய்ச்சேன். நான் ஏன் தேய்க்கணும்? நல்லாக் கேட்டீங்க. வேற ஆள் இல்லையே!

பொறவு ஓட்டப் பந்தயம். அதுலயும் எம் பொண்ணுதான் முந்தி வந்துது. யாரோ ஒரு பெரிய மனுஷன் கூடவே ஓடிக்கினு, “ஓடுடி, ஓடுடி”ன்னு கத்தினாராம். டீச்சரம்மா அவரைப் புடிச்சி மரத்தடியிலே குந்த வெச்சாங்களாம். யாரா? அது எதுக்கு இப்போ... நான்தான். மூச்சு வாங்கிச்சி, ரெண்டு நாள் தறிக் குழியிலே எறங்க முடியல. பாருங்க, அதுவும் பள்ளிக்கூடத்தாலதான்.

பாட்டுப் போட்டியை வுடுங்க. அதை நான் பேச மாட்டேன். கலியாணசுந்தரம் பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. எதிர்ச் சாரி கலியாணசுந்தரம், தெரியுமில்ல? அவன் கல்யாணத்துல என்னை ரெண்டாம் பந்தியிலே குந்த வெச்சவன். எனக்கு அப்பளம் தீந்து போச்சின்னான். அவன் தலை நரைச்சிடுச்சி, எந் தலையும் நரைச்சிடுச்சி... ஆனா அந்த அப்பளம் அப்படியேதான் இருக்குது இங்க, நெஞ்சில.

வரேன், வரேன், பொடவைக்குத்தான் வரேன்.

கடேசியா டிராமான்னாங்க. ஒரு ராணியாம், நாட்டுக்காக வெஷம் குடிச்சிச் செத்துப் போறாளாம். பெத்தவங்களைக் கூப்ட்டு அன்னம்மா டீச்சர் கேக்குறாங்க, “ராணிக்குக் கட்ட ஒரு பட்டுப் பொடவை வேணும், யாராச்சும் தர முடியுமா?”ன்னு. கலியாணசுந்தரம் தொண்டையைச் செருமிக்கினு எழுந்தான். அவன் பட்டு குடுத்தா அவன் பொண்ணுதானே ராணி? எம் பொண்ணு சாமரம் வீசணுமா? அதுவும் அவன் பொண்ணுக்கு? அவன் வாயைத் தொறக்கறதுக்குள்ள நான் எழுந்துட்டேன். “பட்டுக்கு என்னாங்க பஞ்சம்? எங்க ஊட்டுல இல்லாத பட்டா?”ன்னுட்டேன்.

சொல்லிட்டு ஊட்டுக்கு வந்தா, அங்கம்மா சிரிக்கிறா. “ஊட்டுல எங்கய்யா இருக்குது பட்டு? எங் கல்யாணத்துக்கே நீ நூல் சீலைதான் எடுத்த”ன்றா. அட, ஆமாம்! எங்கப்பன் காலத்துலேர்ந்து பட்டு நெய்யறோம். எல்லாம் தறியிலேர்ந்து அறுத்த மறுநாளே ஊரான் ஊட்டுக்குப் போயிடுது. தறியிலே பாத்துப் பாத்து, நம்மதுன்னே நெனச்சிக்கினு இருந்துட்டேன் நாயக்கரே.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் எங்கியும் கெளம்பல. வெளுத்த வேட்டி, சந்தனம்... சும்மா, வெள்ளிக்கெழமை.

பொடவை முடிஞ்சிடுச்சிங்க. முந்தாநேத்தே அறுத்துட்டேன். கண்ணுல ஒத்திக்கலாம், அப்படி வந்திருக்குது. எங்கியா? இங்க... இல்ல. பத்தரமா இருக்குது. நாளைக்கு நீங்க வரதுக்குள்ள மடிச்சி, கல்லுக்கடியிலே அழுத்தி, புதுசாட்டம் வெச்சிருப்பேன். நீங்கதான் ஒரு நாள் முன்னாடி வந்து...

கோவப்படாதீங்க! கட்டிக் கலைச்ச பொடவை முகூர்த்தத்துக்கு ஆவாதுன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பாவம்தான் முந்தாநேத்துலேர்ந்து சோறு எறங்க மாட்டேங்குது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கோயில்ல அம்மனுக்கு ஒரு தரம் சாத்தி, அந்தப் பொடவையைக் கல்யாணப் பொண்ணுக்குக் குடுக்கறதில்லையா? அப்படி நெனச்சிக்கங்க. அம்சா அம்மன் இல்ல, ஒத்துக்கறேன். மூக்குகூடக் கொஞ்சம் சப்பைதான். ஆனா காலையிலே அந்த அரக்குப் பொடவையைக் கட்டிக்கினு வந்து நின்னா பாருங்க, யாருன்னு தெரியாம எழுந்து நின்னுட்டேன் நாயக்கரே. பெத்தவன் நானு!

எங்க எழுந்துட்டீங்க? அந்தப் பக்கம் இல்லீங்க, பள்ளிக்கூடம் இப்படி. வெளக்கு வெச்சதும் டிராமாவை ஆரம்பிச்சிருப்பாங்க. ஓடாதீங்க! நில்லுங்க, நானும் வரேன், கதவைச் சாத்திக்கினு...

நாயக்கரே! உங்க காலைப் புடிச்சிக்கறேன், மேடை மேல மட்டும் ஏறிடாதீங்க! முன்வரிசையிலே கலியாணசுந்தரம் குந்திக்கினு இருப்பான்! ராணி சாவுற வரைக்கும் பொறுத்துக்குங்க! பொடவையிலே மண்ணு ஒட்டாது, பாய் விரிச்சி வெக்கச் சொல்லியிருக்கேன், அதும் மேலதான் வுழுவா! செத்ததும் நானே அவுத்து வாங்கித் தரேன்!