விசாரிக்க வந்தவர்கள்

ஓடுகிறேன். பின்னால் இரும்புக் கதவைத் தட்டும் சத்தம். மூன்று தட்டு. இடைவெளி. மறுபடி மூன்று. கொல்லைப்புறம், சந்து, தெரு. செருப்பு ஒன்று கழன்றுவிட்டது.

"பாவுமா! பாவு! அந்தப் பக்கம் ஓடாத!"

கேட்கிறது. நிற்க முடியவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் காலையில், தறியில் ஏற்றும் பட்டு இழைகளை, அதாவது பாவு நூலை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். நடக்கப் பழகும் குழந்தைகூட அதைச் சுற்றித்தான் போகும். நான் நேரே அதற்குள் போய் விழுந்தேன். இழைகள் அறுந்தன. மெல்லிய சத்தம். இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டேன். "எனக்கு ஒண்டும் தெரியாது சேர்" என்றேன்.

அங்கே எந்த அதிகாரியும் இல்லை, எந்த சேரும் இல்லை. பாவுக்குச் சொந்தக்காரர் முனுசாமி அண்ணன் நின்றார். என் பின்னால் ஓடிவந்தது அவர் மனைவி தனபாக்கியம் அக்கா. நான் இருக்கும் வீடு அவர்களுடையது. நூல் சுற்றும் வேலையும் அவர்கள் கொடுத்ததுதான்.

நடந்தது இவ்வளவுதான். முந்தின நாள் வன்னியிலிருந்து போன் வந்தது. அம்மா செத்துவிட்டாள். தெருவுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் அக்கா இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். "செல்வி, விசாரிச்சிட்டுப் போலாம்னு வந்தோம்மா." துக்கம் என்ற சொல்லை அவர் விட்டுவிட்டார். சாவு வீட்டில் அதைச் சொல்லவா வேண்டும்? எனக்கு வந்து சேர்ந்தது மிச்சச் சொல் மட்டும்.

வன்னியில் போர் முடிந்த கிழமை. முட்கம்பிக்குள் தகரக் கொட்டகை. ஜீப் டயர் மண்ணை அரைக்கிறது. தகரத்தில் மூன்று தட்டு. இடைவெளி. மறுபடி மூன்று. "சின்ன விசாரணை. முடிஞ்சதும் விடுவம்." ராணுவத்தினர் என்னையும் தம்பியையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

விசாரணை என்று அதற்குப் பெயர் வைத்தவன் நாசமாகப் போக. ஒரே கேள்விதான் கேட்டார்கள். பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. மணல் நிரப்பிய குழாயால் உள்ளங்காலில் அடித்தார்கள். பெட்ரோல் ஊற்றிய பையைத் தலையில் கட்டினார்கள். மற்றதை எழுத மாட்டேன். வெட்கத்தால் அல்ல. வெட்கப்பட வேண்டியவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். பக்கத்து அறையில் தம்பியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ உட்கார்ந்திருந்த கதிரை ஒன்று விழுந்தது. பிறகு குரல் இல்லை.

கடல் தாண்டி வந்தேன். ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் பழசை மறந்துவிடச் சொன்னார். பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு இறங்க அது என்ன குடையா? ஓர் அதிகாரி சித்திரவதைக்கு அத்தாட்சி கேட்டார். என் கால்கள் அவர் மேசைக்கு அடியில்தான் இருந்தன. அவர் குனிந்து பார்க்கவில்லை.

அன்று தெருவில் முனுசாமி அண்ணன் கத்தினார். கத்தாமல் என்ன செய்வார், முகூர்த்தப் புடவைக்கான பாவு அது. கத்திக்கொண்டே வந்தவர் செருப்பு போய், காலுறையும் கிழிந்து வெளியே தெரிந்த என் உள்ளங்காலைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். துணிகளை மூட்டை கட்டினேன். இனி எந்த ஊர்?

அக்கா மைதிலிக்குப் போன் செய்திருந்தார். மைதிலி சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். மனநல ஆலோசகர். போரில் வதைபட்டவர்களும் லாக்கப்பில் வதைபட்டவர்களும் அவரிடம் போகிறோம். வந்தவர் உள்ளே நுழையவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார். கதவு திறந்தே இருந்தது. எப்போதும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னார்.

"நான் எதுவும் கேக்க மாட்டேன் செல்வி. நீங்க சொன்னா கேட்டுக்குறேன்."

கால் வலியைச் சொல்லியிருக்கிறேன். தூக்கம் வராததைச் சொல்லியிருக்கிறேன். தம்பியின் பெயரை மட்டும் அவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அவன் செத்ததாக முடிந்துவிடும் என்று பயம். அன்றும் சொல்லவில்லை. தட்டும் சத்தத்தையும் அந்தச் சொல்லையும் பற்றி மட்டும் சொன்னேன். இதைத் தெருக்காரர்களிடம் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லச் சொன்னேன்.

மறுநாள் காலை யாரும் கதவைத் தட்டவில்லை. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே குரல் வந்தது.

"செல்வி, நான் தனபாக்கியம். இங்கதான் நின்னுக்கினு இருக்கேன். அறுந்ததப் பிணைக்கணும்மா. உன் கை வேணும்."

மூட்டையை அவிழ்த்தேன்.

பிணைப்பது இப்படி. விரலில் சாம்பல் தொட்டு, அறுந்த இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்க வேண்டும். ஒவ்வொரு இழையாக. எல்லோர் கண்ணும் இழையில் இருந்தது. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. மைதிலியும் உட்கார்ந்து பிணைத்தார். அவர் முறுக்கியது பிரிந்து பிரிந்து போயிற்று. பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு சொன்னேன். எனக்குத் தயாளன் என்று ஒரு தம்பி இருந்தான்.

சொல்லி முடித்தேன். கதிரை விழுந்தது வரை. யாரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. தனபாக்கியம் அக்கா இழையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அடிச்ச கையெல்லாம் புழுத்துப் போவ."

இத்தனை வருடத்தில் எனக்காகக் கோபப்பட்ட முதல் ஆள் அவர். அப்போதுதான் அம்மாவுக்காக அழுதேன்.

நான் குணமாகிவிட்டதாக யாரும் எழுத வேண்டாம். இன்றும் ஜீப் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் பார்க்கிறேன். இன்றும் காலுறையைக் கழற்றுவதில்லை. ஆனால் நாளை காலையில் நூல் சுற்றப் போவேன். மாலையில் மைதிலியிடம் போவேன். இதையும் எழுதுவேன்.

இழந்தவை. நான் பிறந்த வீடு. கிணறு. பத்துக் கால் நகங்கள். சில கோணலாக முளைத்தன. கதவைப் பூட்டித் தூங்கும் தூக்கம். அம்மாவின் கடைசி முகம். தயாளன், பத்தொன்பது வயது, இடது புருவத்தில் தழும்பு.

அவன் எங்கே? அதை மட்டும் இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.