தாரை வார்க்க ஒரு ஜோடி

ஸ்யாமளா: ...அதான் போன்ல வேணாம், ஆனையூருக்கே போயி நேர்ல கேட்டுருவோம்னு வந்தேன். ரெண்டு பேரும் இப்படி முன்னால உக்காருங்க.

கிரிதர்: மொதல்ல காப்பி குடிங்க அண்ணி. காளவாசல்ல டிராபிக் எப்படி?

ஸ்யாமளா: அது கெடக்கு. வர்ஷினி கல்யாணத்துக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்ல. உங்க அண்ணன் இருந்திருந்தா நாங்களே பொண்ணத் தாரை வார்த்துக் குடுத்திருப்போம். அவரு போய்ச் சேந்துட்டாரு. அந்த எடத்துல நீங்க ரெண்டு பேரும் மணையில உக்காரணும்னு உங்களுக்கு ஒரு போன் போட்டேன், இவளுக்கு ஒரு போன் போட்டேன்...

பிரியம்வதா: நான்தான் அப்பவே சொன்னேனேக்கா.

ஸ்யாமளா: நீ சொன்னதத்தான் கேக்க வந்திருக்கேன். இவருக்கு அன்னைக்கு பேங்குல ஆடிட்டு, நகர முடியாதுன்ன.

கிரிதர்: ஆடிட்டா?

பிரியம்வதா: ஆமா... நீங்கதான...

ஸ்யாமளா: முகூர்த்தம் ஞாயித்துக்கெழம. ஞாயித்துக்கெழம ஆடிட்டு. சரின்னு அதையும் நம்பிட்டேன். சாயங்காலம் இவரு கூப்புடுறாரு. உனக்கு முட்டி வலியாம், சம்மணம் போட முடியாதாம்.

பிரியம்வதா: எனக்கா? எந்த முட்டி?

கிரிதர்: ...வலது.

ஸ்யாமளா: போன மாசம் ஸ்கூல் ஆண்டுவிழாவுக்குப் புள்ளைகளுக்குக் கோலாட்டம் சொல்லிக் குடுத்தியே, அது எந்த முட்டி?

பிரியம்வதா: காப்பி ஆறுதுக்கா, குடிங்க.

ஸ்யாமளா: பொய் சொல்லணும்னா ரெண்டு பேரும் கூடிப் பேசிட்டுல்ல சொல்லணும். ஒரே வீட்லதான இருக்கீக?

கிரிதர்: அது... வந்து... இருக்கோம்.

ஸ்யாமளா: அதச் சொல்ல ஏன் தம்பி இம்புட்டு நேரம்?

பிரியம்வதா: அவரு மாடியில இருக்காருக்கா. நான் கீழ.

ஸ்யாமளா: எம்புட்டு நாளா?

கிரிதர்: ரெண்டு வருசம் இருக்கும்.

பிரியம்வதா: ஆடி வந்தா மூணு.

ஸ்யாமளா: என்ன சண்டை?

பிரியம்வதா: சண்டை போட்டாத்தான் தேவலையே. கேஸ் புக் பண்ணியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா... அதுவும் இப்ப வாட்ஸப்ல போகுது. அதுக்கு மேல எங்களுக்குப் பேச்சே வரல.

கிரிதர்: இவ நல்லவதான் அண்ணி. நானும்... மோசமில்லன்னு நெனக்கிறேன்.

பிரியம்வதா: அவரு மேல சொல்றதுக்கு ஒரு குத்தமும் இல்லக்கா.

ஸ்யாமளா: அப்ப மணையில உக்காந்தா என்ன?

கிரிதர்: சொல்லிடு பிரியா.

பிரியம்வதா: நீங்களே சொல்லுங்க. உங்க அண்ணிதான.

கிரிதர்: ரெண்டு பேரும் சம்மதிச்சு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டோம். கல்யாணம் முடிஞ்ச நாலாம் நாள் கடைசி வாய்தா. அன்னைக்கு முடிஞ்சிரும்.

ஸ்யாமளா: ...பெங்களூர்ல இருக்க உங்க பயலுக்குத் தெரியுமா?

கிரிதர்: தெரியும். முடிஞ்சதும் சொல்லுங்கன்னான்.

ஸ்யாமளா: அம்புட்டுத்தானா?

கிரிதர்: அம்புட்டுத்தான்.

பிரியம்வதா: பிரியப்போற நாங்க அந்தப் புள்ள கையப் பிடிச்சுக் குடுக்க மனசு ஒப்பலக்கா. அவ நல்லா வாழணும். அதுக்குத்தான் அவரு பேர்ல பொய் சொன்னேன்.

கிரிதர்: நானும் அதுக்குத்தான் சொன்னேன்.

பிரியம்வதா: நீங்களுமா...

கிரிதர்: ம்.

ஸ்யாமளா: இதுல மட்டும் நல்லா ஒத்துமையா இருந்திருக்கீக.

கிரிதர்: கோவிக்காதீங்க அண்ணி. நம்ம சொந்தத்துல வேற யாராச்சும்... நீங்களும் அண்ணனும் வாழ்ந்த மாதிரி வாழுற ஒரு ஜோடியாப் பாத்து உக்கார வைங்க.

ஸ்யாமளா: எங்கள மாதிரியா?

பிரியம்வதா: ஆமாக்கா. வர்ஷினிக்கு அதுதான் நல்லது.

ஸ்யாமளா: எங்கள மாதிரி ஜோடி அவளுக்கு வேணாம். நீங்களே வந்து உக்காருங்க. நீங்க கோர்ட்டுலயாச்சும் சொல்லிட்டீக, நான் யாருகிட்டயும் சொல்லல. வர்ஷினி பொறந்த வருசத்துலருந்து உங்க அண்ணன் என்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசுனதில்ல தம்பி. ஆஸ்பத்திரியில கடைசி இருபது நாளும் நான்தான் பக்கத்துல இருந்தேன். தண்ணி வேணும்னாக்கூட நர்ஸத்தான் கூப்புட்டாரு.