குருவிக்கு வளைந்த வரிசை

ஒலிபெருக்கியின் கரகரப்பையும் எங்கள் பேச்சையும் ஒரே முகத்தோடு பொறுத்துக்கொண்டு வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! ஏர்பிடித்துக் காய்த்த கரங்களுக்குச் சொந்தக்காரர்களான பெரியோர்களே! வீட்டையும் வயலையும் ஒருசேர ஓட்டிவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைபேசியைப் பார்க்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

வயலில் விளைவது பயிர் மட்டும்தானா? பறப்பதும் ஊர்வதும் அங்கே பிறப்பதில்லையா? இதைப் பற்றி அறிஞர்கள் அழகாகப் பேசினார்கள். நான் என் தம்பியைப் பற்றிப் பேசப்போகிறேன். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்! பார்த்துவிட்டீர்களா? சரி, தலையைக் குனிந்துகொண்டிருக்கிறானே, அவனேதான்.

அவனுக்கு 'நூல்' என்று பெயர் வைத்தது நீங்கள்தான். நூல் பிடித்தாற்போல் நேராக விதைப்பான். கல்யாணப் படத்தைச் சுவரில் மாட்டக்கூடக் கொத்தனாரிடம் ரசமட்டம் கேட்டு வாங்கியவன்! சிறந்த வயலுக்கு நம் விவசாயிகள் சங்கம் தரும் கோப்பையை இன்னும் ஒருமுறை வென்றால், அது அவனுக்கே சொந்தம் என்றிருந்த நேரம்.

மக்காச்சோளம் விதைக்கிறான். மேகம் திரண்டு நிற்கிறது. திடீரென்று ட்ராக்டருக்கு முன்னால் ஓர் ஆள்காட்டிக் குருவி, சிறகை விரித்து நின்றது.

"ஏய், தள்ளு! மழை வருது!" என்றான். தள்ளவில்லை. ஹாரன் அடித்தான். அது அதைவிடச் சத்தமாக அடித்தது!

விதைப்பெட்டியைப் பார்த்தபடி பின்னால் நடந்து வந்த அவன் மனைவி முன்னே ஓடினாள்.

"என்னங்க, முட்டைங்க! மண்ணாங்கட்டி மாதிரியே கெடக்கு."

"துண்டுல எடுத்து வரப்புல வை."

"எடம் மாத்துனா அது அடைகாக்காதுங்க. சுத்திப் போங்க."

"சுத்தியா? வரிசை கோணலாயிடும்! கோப்பை போயிடும்!"

"ஏன், கோப்பையில குஞ்சு பொரிக்குமா?"

மேலே வானம் இடிக்கிறது, கீழே குருவி கத்துகிறது, நடுவே மனைவி முறைக்கிறாள். எதற்குப் பயப்படுவான் என் தம்பி? என்ன அண்ணே, 'மூணுக்கும்' என்கிறீர்களா? அனுபவசாலி!

வளைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வளைத்தான். பயிர் முளைத்ததும் அந்த வளைவு சாலைவரை தெரிந்தது. பக்கத்து வயல்காரர் வண்டியை நிறுத்திக் கேட்டார்:

"என்ன நூலு, ஓட்டும்போது தும்மிட்டியா?"

சோறு இறங்கவில்லை அவனுக்கு. ஆனாலும் நாய் வந்தால் விரட்டினான், ஆடு வந்தால் ஆட்டுக்காரரையே விரட்டினான்! பிறகு வயலைப் பார்வையிட நடுவர் வந்தார். நடுவர் யார்? நம் தலைவர்தான்! சிரிக்காதீர்கள் ஐயா.

"என்னப்பா, இவ்வளவு கோணலா இருக்கு!" என்று முழங்கினார்.

தம்பி என்ன சொன்னான் தெரியுமா?

"ஐயா, மெல்லப் பேசுங்க. அடையில இருக்கு."

கோப்பை பக்கத்து வயல்காரருக்குப் போனது. குஞ்சுகளோ, பொரிந்து ஈரம் உலர்ந்ததும் தாயின் பின்னே நடையைக் கட்டின. தம்பிக்குத் தாங்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"நீங்க மட்டும் சொல்லிட்டா போறீங்க?" என்றாள் மனைவி.

அன்பர்களே! அடுத்த விதைப்பில், கோப்பை வென்ற அதே பக்கத்து வயல்காரரின் நிலத்தில் ஒரு வளைவு! போவோர் வருவோரை நிறுத்தி, "நம்ம வயல்லயும் வந்து உக்காந்துருக்கு, பாத்தீங்களா!" என்று அவரே காட்டினார். தலைவர் வயலில் இரண்டு வளைவு. மறைக்காதீர்கள் ஐயா, சாலையிலிருந்தே தெரிகிறது!

ஆகவேதான் இந்தத் தீர்மானத்தை நம் சங்கத்தின் முன் வைக்கிறேன். கூடு கண்ட இடத்தில் கலப்பை விலகட்டும்! வரப்போரப் புதரைத் தீ தீண்டாதிருக்கட்டும்! நிலத்துக்கு நம்மிடம் பத்திரம் இருக்கிறது. அந்தக் குருவியிடம் என்ன இருந்தது? கையளவு உடம்பும் கத்தும் தொண்டையும் மட்டும்! அதை வைத்துக்கொண்டு ஒரு ட்ராக்டரையே மறித்ததே! அந்த நெஞ்சுரத்துக்கு முன்னால் நாம் சற்றே வளைந்தால் குறைந்தா போவோம்?

ஒப்புவோர் கை உயர்த்துங்கள்! அதோ, பக்கத்து வயல்காரர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஒன்று போதும் அண்ணே! பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, நம் வயல்களில் குடியிருக்கும் அத்தனை உயிர்களுக்கும் சேர்த்து, வணக்கம் சொல்லி அமர்கிறேன்!