தேடி வந்த கூட்டம்

அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "மாப்ள, நேத்து போலீஸ் ஸ்டேஷன்ல எனக்கு டீயும் வடையும் குடுத்தாங்க."

"என்னடா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. மாசா மாசம் பொதுமக்கள் வந்து குறை சொல்லலாம்னு மைக்ல கூப்பிட்டாங்கள்ல, அதுக்குப் போனேன். வரிசையா சேர் போட்டிருந்தாங்க. வந்தது நான் ஒருத்தன்தான்."

"அப்புறம்?"

"நான் உள்ள உக்காந்திருந்தத எவனோ பாத்துட்டு, என்னயப் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு வீட்ல சொல்லிட்டான். எம் பொண்டாட்டி தெருவையே கூட்டிட்டு வந்துட்டா. 'எம் புருசன விடுங்க'ன்னு ஒரே சத்தம்."

"இன்ஸ்பெக்டரு?"

"அவருக்கு அம்புட்டு சந்தோசம். 'வாங்க வாங்க, உக்காருங்க'ன்னு எல்லாருக்கும் டீ சொல்லிட்டாரு."

நண்பர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"வந்தவ சும்மா இருந்தாளா? 'வாய்க்கா ரோட்டுல சங்கிலிய அத்துட்டுப் போறாய்ங்க, உங்களுக்குப் போன் போட்டா எடுக்க ஆளில்ல'ன்னு நேருக்கு நேரா கேட்டுட்டா. அவரு, 'தப்புதாம்மா'ன்னு சொல்லி, தன் நம்பரயே எழுதிக் குடுத்தாரு. நேத்து சாயங்காலமே ரெண்டு போலீஸ்காரங்க அங்க வந்து நின்னாங்க."

"நல்லதுதான. அடுத்த மாசமும் போவியா?"

"என்னய யாரு கூப்பிட்டா? அவளத்தான் வரச் சொல்லிருக்காங்க. அன்னைக்கு நான் வீட்ல சோறாக்கணுமாம்."