எழுபத்தாறிலேயே நிற்கும் முள்

— மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதே. மூச்சுக்கெல்லாம் எடை கிடையாது.

— பேசாதீங்க. நீங்க பேசினா முள் ஆடுது.

— நீ ஆடறே, அது ஆடுது. கண்ணாடியைக் கழட்டிட்டியா?

— கண்ணாடி, வளையல், கொண்டை ஊசி... எல்லாம் கழட்டியாச்சு. இனிமே கழட்டறதுன்னா அந்த ரெண்டு கட்டின பல்லுதான்.

— அதையும் கழட்டேன். பத்து கிராம் குறையும்.

— என்ன காட்டுதுன்னு சொல்லுங்க. கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியல.

— எழுபத்தாறு.

— நல்லாப் பாருங்க.

— முள்ளுக்கும் கோட்டுக்கும் நடுவுல ஒரு மயிரிழை கூட இல்ல. எழுபத்தாறேதான்.

— நேத்தும் எழுபத்தாறு.

— ஆமா.

— போன வாரமும். அதுக்கு முந்தின வாரமும். எட்டு வாரமா இந்த முள்ளு அங்கேயே குடித்தனம் பண்ணுது.

— என்ன பண்றது. உனக்கு அறுபத்தொண்ணு ஆச்சு. இந்த வயசுல ஏறினது லேசுல இறங்காது. இறங்கு, இறங்கு. கால் வலிக்கப் போகுது.

— நீங்க எதுக்கு மூச்சு விடறீங்க?

— நான் எங்க விட்டேன்?

— 'அப்பாடா'ன்னு விட்டீங்க. எழுபத்தாறுன்னா நானில்ல பெருமூச்சு விடணும்?

— குனிஞ்சு நிமிர்ந்தேன். எனக்கு மட்டும் வயசு இருபதா?

— சரி, காலண்டர்ல எழுதுங்க. பக்கத்துலயே நேத்து நடந்த கணக்கும் எழுதுங்க. அறுபது.

— மாடியில அறுபது சுத்தா? நர்ஸம்மா நாப்பதுதானே சொன்னாங்க?

— முள்ளு அசையலேன்னா நான்தானே அசையணும். இன்னிக்கு எழுபது.

— முட்டி தேஞ்சுடும்.

— தேயட்டும். அதுலயும் கொஞ்சம் எடை குறையும்.

— உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா... இந்தா, ஒரே ஒரு பிஸ்கட். நேத்துலேர்ந்து வெறும் முட்டைக்கோஸ் சூப்பு.

— வேண்டாம்.

— பாதி?

— முப்பது வருஷம் ஹாஸ்டல் சமையக்கட்டுல முன்னூறு பேருக்கு ஆக்கிப் போட்டவ நான். ருசி பார்க்காம ஒரு பாத்திரம் இறக்கினதில்ல. ருசி பார்த்துப் பார்த்தே வந்த உடம்பு இது. இப்ப நாக்குல ஒரு துளி வைக்காம, மணத்தை வெச்சே உப்பு சரியான்னு சொல்லக் கத்துக்கிட்டேன். கனவுல கூடப் பாதித் தட்டுதான் வருது. என்கிட்ட வந்து பாதி பிஸ்கட்டுங்கறீங்க.

— பாவம்னு பார்த்தேன்.

— போன வாரம் கேக்கு. அதுக்கு முன்னாடி வறுத்த முந்திரி. எட்டு வாரமா உங்களுக்கு என்மேல ரொம்பத்தான் பாசம் பொங்குது.

— பொங்கக் கூடாதா?

— உங்களைப் பாவம்னு பார்த்து நான் ஒரு தம்ளர் தண்ணி கூடுதலாக் குடுத்தேனா? மூணு தம்ளர்னா மூணுதான். உங்க தண்ணிக்கு நான் காவல், என் வாய்க்கு நீங்க காவல். அப்படித்தானே பேசிக்கிட்டோம்?

— நான் ஒழுங்காத்தான் காவல் இருக்கேன்.

— காவக்காரரே டப்பாவைத் திறந்து வைக்கிறாரு.

— சரி... மூடிட்டேன். போதுமா?

— இன்னும் நாலு கிலோ. எழுபத்திரண்டுக்கு வந்ததும் டாக்டரைப் போய்ப் பார்க்கலாம். அதுக்கு மேல இருந்தா என் கிட்னியை எடுத்து உங்களுக்கு வைக்க மாட்டேன்னு முதல் நாளே சொல்லிட்டாரு.

— அதைத்தான் நானும் சொல்றேன். அவரே மாட்டேங்கறாரு. விட்டுடேன்.

— விட்டுட்டு?

— இப்ப என்ன கெட்டுப்போச்சு? வாரம் மூணு நாள் போறேன். மிஷின் பக்கத்துல படுக்க வெச்சு, நாலு மணி நேரம் ரத்தத்தைக் கழுவி அனுப்பறாங்க. நல்லாத் தூங்கிட்டு வரேன்.

— நல்லாத் தூங்கிட்டு வர்றவர் எதுக்கு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் படியேறறீங்க? செவ்வாக்கிழமை நடுப்படியில உக்காந்தது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?

— செருப்பு வாரு மாட்ட உக்காந்தேன்.

— அரை மணி நேரமா ஒரு வாரு.

— வாரு இறுகிப் போச்சு.

— பிள்ளைங்க குடுக்கலாம்னா, பெரியவளுக்குச் சக்கரை. சின்னவனுக்கு ரத்தம் ஒத்துவரல. எனக்கு எல்லாம் ஒத்துவந்துது. என் சதைதான் குறுக்க நின்னுது. ஏழு மாசமா எண்பத்து நாலுலேர்ந்து இறக்கிக்கிட்டு வரேன். நடுவழியில விடச் சொல்றீங்க.

— நான் சொல்லலம்மா. உடம்பு சொல்லுது. எட்டு வாரமா ஒரு இம்மி இறங்கலேன்னா அதுக்கு என்ன அர்த்தம்...

— அர்த்தம் இருக்கட்டும். தொழில் விஷயமா ஒண்ணு கேக்கணும்.

— எந்தத் தொழில்?

— உங்க தொழில்தான். நாப்பது வருஷம் தராசு ரிப்பேர் பண்ணீங்களே, காய்கறிக் கடையிலேர்ந்து லாரி எடை போடற மேடை வரைக்கும். வீட்டுக்கு ஒரு எடை மிஷின் வாங்குங்கன்னு டாக்டர் சொன்னதுக்கு, 'தராசுக்காரன் வீட்டுல தராசு வாங்கறதா'ன்னு பழைய சாமானையெல்லாம் கிளறி இதை நீங்களே கோத்துக் குடுத்தீங்க.

— நல்ல ஸ்பிரிங்கு. இப்ப அந்த மாதிரி வர்றதில்ல.

— ஆமா. யாரும் ஏறாதப்ப முள்ளு சைபர்ல நிக்குது பாருங்க. அப்ப தராசு சரின்னுதானே அர்த்தம்?

— ...

— கேக்கறேன்ல.

— சைபர்ல நின்னா... பொதுவாச் சரின்னு சொல்லலாம்.

— கடைக்காரங்க அப்படிச் சொன்னா சிரிப்பீங்களே. 'சும்மா இருக்கறப்ப எந்தத் தராசும் யோக்கியந்தான், பாரம் ஏத்திப் பாரு'ம்பீங்க.

— அது கடைத் தராசு. இது வேற.

— என்ன வேற?

— உனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி? நடக்கப் போகலையா?

— போறேன். இந்த ரவிக்கையை இடுப்புப் பக்கம் மூணு தடவை பிடிச்சுத் தெச்சாச்சு, இன்னும் லொடலொடங்குது.

— துவைச்சுத் துவைச்சுத் துணி தளர்ந்திருக்கும்.

— மோதிரமுமா? சோப்பு போட்டாலும் வராத மோதிரம். போன மாசம் பாத்திரம் கழுவறப்ப அதுவாக் கழண்டு விழுந்துது.

— சதை தசையா மாறுதும்மா. தசைக்கு எடை ஜாஸ்தி.

— யாரு சொன்னா?

— பேப்பர்ல போட்டிருந்தான்.

— எந்தப் பேப்பர்ல?

— ஏதோ ஒரு பேப்பர்ல.

— சரி, நீங்க ஒரு தடவை இதுல ஏறுங்க.

— நானா? எதுக்கு?

— முன்னெல்லாம் தினமும் ஏறுவீங்க, உடம்புல எவ்வளவு தண்ணி சேந்துதுன்னு பார்க்க. எட்டு வாரமா இதுல காலே வைக்கல.

— அங்கதான் படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, எழுந்ததும் ஒரு தடவை போடறாங்களே. இன்னும் எத்தனை தடவைதான் என்னை நிறுக்கறது.

— நேத்து சாயங்காலம் அங்க அம்பத்தஞ்சுன்னு சீட்டுல எழுதியிருக்காங்க. இங்க ஏறினா எவ்வளவு காட்டும்?

— ஏறாம அது எப்படித் தெரியும்?

— அம்பத்தஞ்சு, அம்பத்தாறு காட்டணும்ல?

— எனக்கு நிக்கத் தெம்பு இல்ல.

— சரி, உக்காருங்க. கட்டிலுக்கு அடியில இருக்கற பெட்டியை நான் இழுக்கறேன்.

— எந்தப் பெட்டி? ஏய்... அதைத் தொடாதே.

— உங்க எடைக்கல் பெட்டிதான்.

— அதுல இருக்கறது இருபது கிலோ கல்லு. உன்னால தூக்க முடியாது. இடுப்பு பிடிச்சுக்கும்.

— ஏழு மாசத்துக்கு முன்னாடி முடியாது. இப்ப பாருங்க.

— கீழ வை. வைன்னு சொல்றேன்ல.

— வைக்கத்தான் போறேன். தராசு மேல.

— வேண்டாம்.

— ஏன்?

— இருபத்திரண்டு காட்டும்.

— இருபது கிலோ கல்லுக்கா?

— கல்லைக் கீழ வைம்மா. நான்தான் சொல்லிட்டேனே.

— எப்படிப் பண்ணீங்க?

— அடியில ஒரு திருகாணி. ஸ்பிரிங்கைப் பிடிச்சுக்கிட்டிருக்கும். நீ குளிக்கப் போற நேரமாப் பார்த்து... கால் சுத்து, அரைக்கால் சுத்து. நீ குறையக் குறைய நான் திருகினேன். சைபர் மட்டும் நகராம.

— நாப்பது வருஷத்துல எத்தனை தராசுல இப்படிப் பண்ணியிருக்கீங்க?

— ஒண்ணுல கூட இல்ல. கெஞ்சினவன் உண்டு, மிரட்டினவன் உண்டு. பண்ணல. உனக்கே தெரியும்.

— தெரியும்.

— இதுதான் முதல் தடவை. ஆனா வெக்கப்படல. விட்டா இன்னொரு தடவையும் பண்ணுவேன்.

— எதுக்கு?

— எதுக்குன்னு கேக்கறியே. எனக்கு அறுபத்தெட்டு. என்னை இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டறதுக்கு, நல்லா இருக்கற உன் உடம்பைக் கிழிக்கணுமா? ஆபரேஷன் மேசையில உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? உன் கிட்னியை வயித்துல வெச்சுக்கிட்டு நீ இல்லாத வீட்டுல நான் உக்காந்திருக்கணுமா? எனக்குப் பயமா இருக்கும்மா. வேற ஒண்ணும் இல்ல. பயம்.

— எனக்குப் பயம் இல்லேன்னு நினைச்சீங்களா?

— நீ எதுக்கும் பயந்து நான் பார்த்ததில்ல.

— வாரம் மூணு நாள் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேனே, வண்டி வந்துதான்னு. அஞ்சு நிமிஷம் தாமதமானா தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வரேன். நீங்க பயந்து திருகாணியைத் திருகினீங்க. நான் பயந்து மாடியைச் சுத்தினேன். அவ்வளவுதான்.

— நான் சம்மதிக்கலேன்னா? என் கையெழுத்தும் வேணும், தெரியுமில்ல?

— போடாதீங்க. நாளைக்கும் கேப்பேன். நாளன்னைக்கும் கேப்பேன். என் உடம்புலேயே இருந்த சதையை ஏழு மாசம் விடாமத் துரத்தினவ நான். உங்களை விட்டுடுவேனா? நீங்க மொத்தமே அம்பத்தஞ்சு கிலோதான்.

— சிரிக்க வைக்காதே. நான் கோவமா இருக்கேன்.

— கோவமாவே இருங்க. திருப்புளியை மட்டும் எடுங்க.

— இப்பவா?

— இப்பவே. தப்புத் தராசை ஒரு ராத்திரி கூடக் கடையில விட்டுவைக்க மாட்டீங்க. வீட்டுல எட்டு வாரமா வெச்சிருக்கீங்க.

— ... அந்தக் கல்லைக் குடு. இல்ல, நீயே வை, எனக்குக் கை வராது. நடுவுல வை. விரலை எடு. என்ன காட்டுது?

— இருபத்திரண்டு.

— இரு... இப்ப?

— இருபத்தொண்ணு.

— துரு பிடிச்சிருக்கு. கொஞ்சம் பொறு... இப்ப?

— இருபது.

— கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரு.

— போட்டுக்கிட்டுத்தான் பார்க்கறேன். கோட்டு மேலயே நிக்குது. கல்லை எடுத்துட்டேன். சைபர். நான் ஏறவா?

— ஏறு.

— கண்ணாடியைக் கழட்டிட்டேன். நீங்கதான் சொல்லணும்.

— ...

— சொல்லுங்க.

— அறுபத்தொம்பது.

— ம்.

— அறுபத்தொம்பதும்மா. அவர் கேட்டதுக்கு மூணு கிலோ கீழ. நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருந்தா நீ எழுபத்திரண்டுலயே நிறுத்தியிருப்பே.

— நிறுத்தியிருப்பேன். அன்னிக்கே அந்த முந்திரியையும் சாப்பிட்டிருப்பேன். நீங்க திருகத் திருக, எனக்கு வீம்பு வந்து பத்துப் பத்து சுத்தா ஏத்திக்கிட்டே போனேன்.

— பார்த்தியா, என் கையாலயே உன்னை அந்த மேசைக்கு அனுப்பறேன்.

— நானாத்தான் போறேன். உங்க கை கொஞ்சம் தள்ளிவிட்டுது.

— இரு இரு. அறுபத்தொம்பதுங்கறேன், நீ 'ம்'ங்கறே. எட்டு வாரமா இறங்காத எடை ஒரே நிமிஷத்துல ஏழு கிலோ இறங்கியிருக்கு, உனக்கு ஆச்சரியமே இல்லையா? ... இந்தக் கல்லை இன்னிக்குத்தான் முதல் தடவையாத் தூக்கறியா?

— இல்ல. ரெண்டு வாரம் ஆச்சு. அன்னிக்கு நீங்க மிஷின்ல படுத்திருந்தீங்க.

— ரெண்டு வாரமாத் தெரியுமா? தெரிஞ்சேதான் தினமும் காலையில வளையலைக் கழட்டி, இதுல ஏறி, என்ன காட்டுதுன்னு என்னையே கேட்டியா? எதுக்கும்மா?

— எழுபத்தாறுன்னு சொன்னதும் 'அப்பாடா'ன்னு ஒரு மூச்சு விடுவீங்களே. நாள் பூரா உங்க முகத்துல அந்த ஒரு நேரம்தான் நிம்மதி தெரியும், அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. ... போன புதன்கிழமை அக்கா வீட்டுக்குன்னு சொல்லிட்டுப் போனேன்ல, அங்க போகல. ஆஸ்பத்திரித் தராசுலயும் அறுபத்தொம்பதுதான். என் கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன். உங்களோடதுக்குத் திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.